மொல்லினோவின் 1949 மேசைகள்: அருமைக்கு விலை வந்த விதம்

2005ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில், ஓக் மரச் சட்டமும் கண்ணாடித் தளமும் கொண்ட ஒரு மேசை, ஏல நிறுவனத்தின் கட்டணமும் சேர்த்து 38,24,000 டாலருக்கு விலைபோயிற்று. அதை 1949இல் வடிவமைத்தவர் இத்தாலியின் டூரின் நகரத்துக் கட்டடக் கலைஞரான கார்லோ மொல்லினோ. ஏல நிறுவனத்தின் மதிப்பீட்டைப் பல மடங்கு தாண்டிய அந்தத் தொகை, 20ஆம் நூற்றாண்டு அறைகலன் எதற்கும் அதுவரை கிடைத்திராத விலை என்று பேசப்பட்டது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2020 அக்டோபரில், மொல்லினோவின் உணவு மேசை ஒன்றை நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகம் சோத்பீஸ் ஏல நிறுவனத்தின் வழியாக விற்றபோது சுமார் 62 லட்சம் டாலர் கிடைத்தது.

இவற்றோடு மூன்றாவது மேசை ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1949இல் மொல்லினோ வரைந்த எழுதுமேசை ஒன்றை, மிலானை அடுத்த நோவா மிலானேசேயில் இருக்கும் ஸனோட்டா நிறுவனம் ‘கவூர்’ என்ற பெயரில் செய்து விற்கிறது. ஓக் சட்டமும் கண்ணாடித் தளமும் இழுப்பறைப் பெட்டியும் கொண்ட அந்த எழுதுமேசையை இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் பதிவு செய்து வாங்கலாம். அதன் விலை 2005ஆம் ஆண்டு ஏலத் தொகையில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. வரைந்தவர் ஒருவரே, ஆண்டும் ஒன்றே, மெல்லிய மரச் சட்டங்களைக் கோணம் கோணமாகப் பின்னி அதன்மேல் கண்ணாடியை ஏற்றும் எண்ணமும் ஒன்றே. விலை மட்டும் இவ்வளவு தூரம் விலகி நிற்கிறது. அழகுதான் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் கவூரும் அழகான மேசைதான் என்பதால் அந்த விடை நிற்காது. சேகரிப்பாளர் எதற்குப் பணம் கொடுக்கிறார் என்பதை இந்த மூன்று மேசைகளையும் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் வேலை.

மொல்லினோவும் பட்டறையும்

மொல்லினோ 1905 மே 6 அன்று டூரினில் பிறந்தவர். தந்தை எவுஜேனியோ மொல்லினோ அந்நகரின் பெயர்பெற்ற பொறியாளர். டூரினின் பெரிய மருத்துவமனையான மொலினெத்தே அவர் வடிவமைத்தது. மகன் 1931இல் கட்டடக் கலைப் பட்டம் பெற்றார். பனிச்சறுக்கு, விமான சாகசம், புகைப்படம், பந்தயக் கார் என்று அவர் ஈடுபட்ட துறைகளின் பட்டியல் நீளமானது. பனிச்சறுக்கின் இறங்கு நுட்பம் பற்றி ஒரு நூலே எழுதினார். 1955ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்தில் ஓடிய, இரண்டு ஏவுகணை உடல்களை ஒட்டவைத்தது போன்ற ‘பிசிலூரோ’ காரின் வடிவமைப்பிலும் அவருக்குப் பங்குண்டு. இவற்றை அவருடைய விசித்திரங்களாகச் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். அவருடைய மேசைகளின் அடிப்பகுதியைப் பார்த்தவர்கள் அப்படிக் கடந்துவிட மாட்டார்கள். இழுவிசையைத் தாங்கும் உறுப்பு எது, அழுத்தத்தைத் தாங்கும் உறுப்பு எது என்று பிரித்து, தேவையற்ற மரத்தையெல்லாம் கழித்து, கழித்த பிறகும் உறுதி குன்றாமல் நிற்கவைக்கும் அந்தக் கணக்கு, விமான இறக்கையின் உள்எலும்புகளை அறிந்த ஒருவரின் கணக்கு.

1946இல் வரையப்பட்ட ‘ரியாலே’ மேசையில் இது தெளிவாகத் தெரிகிறது. ரியாலே முத்துவா என்ற டூரின் காப்பீட்டு நிறுவனத்தின் அலுவலகத்தோடு தொடர்புடைய பெயர் அது. நடுவில் முதுகெலும்பைப் போல ஓடும் மர உத்திரம், அதிலிருந்து சாய்ந்து இறங்கும் மெல்லிய கால்கள், எல்லாவற்றின் மேலும் ஒரு கண்ணாடிப் பலகை. கண்ணாடியைத் தேர்ந்ததில்தான் அவருடைய துணிவு இருக்கிறது. மரத் தளம் போட்டால் அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை. தச்சர் அங்கே கொஞ்சம் அசட்டையாக இருந்துவிடலாம். கண்ணாடி போட்டால் ஒவ்வொரு மூட்டும் ஒவ்வொரு பித்தளைத் திருகும் மேசையில் உட்காருபவரின் கண் முன்னே இருக்கும். 1949-50இல் வந்த ‘அராபெஸ்கோ’ சிறுமேசை வேறு வழியில் போனது. வளைத்த ஒட்டுப்பலகையில் துளைகள் இட்டு எடையைக் குறைத்து, பலகையையே நாடாவைப் போல ஓடவிட்டார். எனக்கு அராபெஸ்கோவைவிட ரியாலே வகைதான் பெரிதாகத் தோன்றுகிறது. அராபெஸ்கோவின் வளைவுகள் பார்த்தவுடன் மயக்குகின்றன. ரியாலேயின் சட்டகம் பார்க்கப் பார்க்கத்தான் புரிகிறது.

அவர் பணிபுரிந்த முறை விலைக் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. 1950களில் இத்தாலிய மேசை வடிவமைப்பின் பெரும்பகுதி தொழிற்சாலையை நோக்கி நகர்ந்தது. ஓஸ்வால்தோ போர்சானி 1953இல் சகோதரருடன் ‘டெக்னோ’ நிறுவனத்தைத் தொடங்கி அலுவலக மேசைகளைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தார். பிபிபிஆர் கட்டடக் கலைஞர் குழு ஒலிவெட்டி நிறுவனத்துக்காக வடிவமைத்த ‘ஸ்பாட்ஸியோ’ என்ற உலோக மேசை வரிசை, 1962இல் இத்தாலியின் உயரிய வடிவமைப்பு விருதான கொம்பாஸோ தோரோவைப் பெற்றது. இவை எண்ணிக்கையில் பெருகி அலுவலகம் அலுவலகமாகப் பரவிய மேசைகள். இன்றும் பழம்பொருள் சந்தையில் நியாயமான விலைக்குக் கிடைப்பவை. மொல்லினோ அந்தப் பாதையில் போகவில்லை. ஒரு வாடிக்கையாளரின் ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வோர் அறைக்கும் ஒவ்வொரு பொருளை வரைந்து, டூரினின் அப்பெல்லி-வரேசியோ தச்சுப்பட்டறையில் செய்வித்தார். மினோலா, ஓரெங்கோ, ரிவெத்தி என்று வீடுகளின் பெயராலேயே அவருடைய அறைகலன்கள் அறியப்படுவதற்குக் காரணம் இதுதான். லாத்தெஸ் பதிப்பகத்துக்குச் செய்ததைப் போன்ற அலுவலக வேலைகளில் மட்டும் ஒரே வடிவம் சிலமுறை திரும்ப வந்தது. ஆகவே, அவருடைய மேசை அரிதாக இருப்பது, நிறையச் செய்தவை காலப்போக்கில் அழிந்துபோனதால் அன்று. தொடக்கத்திலேயே பெரும்பாலும் ஒன்றுதான் செய்யப்பட்டது.

கட்டடங்களின் கதியும் இதோடு சேர்ந்துகொண்டது. அவருடைய முதல் பெரும் படைப்பான டூரின் குதிரையேற்றக் கழகக் கட்டடம் 1960இல் இடிக்கப்பட்டது. ரெஜியோ நாடக அரங்கம் 1973 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் காலமானார். கட்டடங்கள் இவ்வாறு குறைவாகவே எஞ்சியதால், அவர் சிந்தனை முழு உருவில் கைக்குக் கிடைக்கும் இடமாக அறைகலன்கள் ஆகிவிட்டன.

அமெரிக்கா போன மேசை

புரூக்ளின் மேசையின் கதை போருக்குப் பிந்தைய இத்தாலியில் தொடங்குகிறது. பாசிச ஆட்சியிலிருந்து வெளியேறி அமெரிக்காவில் குடியேறிய மாக்ஸ் அஸ்கோலி போன்றவர்களின் முயற்சியால், நொடிந்துபோன இத்தாலியக் கைவினைஞர்களின் பொருள்களுக்கு அமெரிக்கச் சந்தையைத் திறந்துவிடும் திட்டங்கள் உருவாயின. அவற்றின் உச்சமாக அமைந்தது ‘இத்தாலி அட் ஒர்க்’ என்ற கண்காட்சி. 1950இன் இறுதியில் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் தொடங்கி, 1953 வரை அமெரிக்காவின் 12 அருங்காட்சியகங்களுக்கு அது பயணம் செய்தது. மண்பாண்டம், கண்ணாடி, துணி, வைக்கோல் பின்னல் ஆகியவற்றோடு, ஐந்து வடிவமைப்பாளர்கள் முழுமையாக அமைத்த ஐந்து அறைகளும் அதில் இடம்பெற்றன. ஜோ போன்ட்டி ஓர் உணவறையையும், ஃபப்ரிட்ஸியோ கிளெரிச்சி ஒரு பொம்மலாட்ட அரங்கின் முன்கூடத்தையும், மொல்லினோ வரவேற்பும் உணவும் சேர்ந்த அறை ஒன்றையும் அமைத்தனர்.

பயணம் முடிந்த பிறகு, கண்காட்சிப் பொருள்களில் பல இத்தாலிய அரசின் கொடையாக அமெரிக்க அருங்காட்சியகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. மொல்லினோவின் உணவு மேசை புரூக்ளினில் தங்கியது இப்படித்தான். சேகரிப்பாளரின் பார்வையில் இதைவிடச் சிறந்த பின்புலம் அமைவது கடினம். 1950இல் எந்தக் கட்டடத்தில் காட்டப்பட்டதோ அந்த நிறுவனத்திலேயே, பயணம் முடிந்தபின் 65 ஆண்டுகளுக்கு மேல் இருந்திருக்கிறது. இடையில் கைமாற்றம் இல்லை. பதிவேட்டில் எண் இருக்கிறது. காலத்துப் புகைப்படம் இருக்கிறது. நிலம் வாங்குபவர் தாய்ப்பத்திரத்திலிருந்து வில்லங்கச் சான்று வரை ஒரே கோப்பில் ஒழுங்காக வைத்திருக்கும் மனையைப் பார்த்தால் பேரம் பேசத் தயங்குவாரே, அந்த நிலைதான் இங்கும்.

அந்த மேசை சந்தைக்கு வந்ததற்கு ஒரு தற்காலிக விதித்தளர்வு காரணம். அமெரிக்க அருங்காட்சியகங்கள் தம் சேகரத்திலிருந்து ஒன்றை விற்றால், அந்தப் பணத்தில் வேறு கலைப்பொருளைத்தான் வாங்க வேண்டும் என்பது அவற்றின் இயக்குநர்கள் சங்கம் நெடுங்காலமாகக் கட்டிக்காத்த நெறி. பெருந்தொற்றால் வருவாய் நின்றுபோன 2020 ஏப்ரலில், சேகரத்தைப் பராமரிக்கும் செலவுக்கும் அந்தப் பணத்தைப் பயன்படுத்தலாம் என்று சங்கம் இரண்டு ஆண்டுகளுக்கு விதியைத் தளர்த்தியது. 4 கோடி டாலர் பராமரிப்பு நிதி ஒன்றைத் திரட்ட முனைந்த புரூக்ளின், அந்தத் தளர்வை முதலில் பயன்படுத்திக்கொண்ட பெரிய நிறுவனங்களில் ஒன்று. விதிப்படி தவறு ஏதும் இல்லை. எனினும், ஒரு நாட்டின் கைவினைஞர்கள் பிழைக்க வேண்டும் என்பதற்காக நடந்த கண்காட்சியின் நினைவாக, ஒரு நாடு இன்னொரு நாட்டின் பொது நிறுவனத்துக்குக் கொடுத்த பொருள் அது. அந்தக் கொடையின் வரலாறே ஏலத்தில் அதன் விலையை ஏற்றியது என்பதையும், விலை ஏறியபின் அந்த வரலாற்றைப் பொதுமக்கள் நேரில் காணும் வாய்ப்புப் போய்விட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த விற்பனையை என்னால் முழுமனத்தோடு ஏற்க முடியவில்லை. குறைந்தபட்சம் அந்த மேசையை இன்னோர் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க முயன்றிருக்கலாம்.

ஆவணம் சொல்வதும் மரம் சொல்வதும்

ஒரு மேசை மொல்லினோவினுடையதுதான் என்று எப்படி நிறுவுகிறார்கள்? கையொப்பம் உதவாது, அறைகலனில் அவர் கையெழுத்திடும் வழக்கம் இல்லை. முதல் சான்று வரைபடம். அவருடைய ஆவணக் காப்பகம் டூரின் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. வீடு வீடாக அவர் வரைந்த தாள்கள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. இரண்டாவது சான்று புகைப்படம். தாம் அமைத்த அறைகளைத் தாமே நுணுக்கமாகப் படம்பிடிக்கும் பழக்கம் அவருக்கு இருந்ததால், பல மேசைகள் முதல்முதலில் நின்ற இடத்திலேயே பதிவாகியிருக்கின்றன. போன்ட்டி நடத்திய ‘தோமுஸ்’ இதழ் அவற்றில் சிலவற்றை வெளியிட்டது. மூன்றாவது, பட்டறைக்கும் வீட்டுக்கும் இடையே ஓடிய கடிதங்களும் கணக்குகளும். டூரினில் நாப்பியோனே தெருவில் மொல்லினோ தமக்கென இரகசியமாக அமைத்துக்கொண்ட குடியிருப்பை மீட்டு அருங்காட்சியகமாக நடத்தும் ஃபுல்வியோ ஃபெர்ராரி, நாப்பொலியோனே ஃபெர்ராரி ஆகிய தந்தையும் மகனும் பல ஆண்டுகளாகச் செய்த ஆய்வு, இந்த மூன்றையும் இணைத்துப் படிப்பதற்கு வழி செய்தது.

இவை கிடைக்காதபோது ஏலப் பட்டியலின் மொழி மாறிவிடுகிறது. “மொல்லினோ வடிவமைத்தது” என்ற சொற்றொடர், “மொல்லினோ வடிவமைத்ததாகக் கருதப்படுவது” என்று இறங்கும். அதன் கீழே “மொல்லினோ பாணி”, அதற்கும் கீழே “டூரின் பள்ளி”, அதாவது அந்நகரக் கலைஞர் வட்டத்தில் யாரோ ஒருவர் செய்தது. ஒவ்வொரு படியிலும் விலை பெரும்பகுதி கரைந்துபோகிறது. 1950களின் டூரினில் மொல்லினோவைப் பார்த்து மேசை செய்த திறமையான தச்சர்கள் இருந்தார்கள். அவர்கள் செய்தவற்றுள் சில உண்மையிலேயே சிறந்தவை. குறைந்த பணத்தில் நல்ல மேசை ஒன்றோடு வாழ விரும்புபவருக்கு அந்தக் கீழ்ப்படிகளே இலாபமான இடம் என்பது என் கருத்து.

மரத்தைச் சோதிப்பது ஆவணத்துக்கு மாற்று ஆகாது. ஆவணம் பொய் சொல்லவில்லை என்று உறுதிசெய்யத்தான் அது பயன்படும். புற ஊதா விளக்கின் கீழ் பழைய அரக்கு மெருகு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். பிற்காலச் செயற்கை மெருகுகள் அப்படி ஒளிர்வதில்லை. இழுப்பறையின் உட்புறத்திலும் அடிப்பலகையிலும் காற்றுப்பட்டுக் கறுத்த நிறம் சீராக இருக்கிறதா, மூட்டைக் கழற்றினால் மறைந்திருந்த பகுதி வெளிறித் தெரிகிறதா, பித்தளைத் திருகின் தலையைச் சுற்றிக் களிம்பு படிந்த தடம் மரத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒட்டுப்பலகையில் அடுக்குகளின் எண்ணிக்கையையும் பருமனையும், பசையின் வகையையும் ஒப்பிடுவார்கள். கண்ணாடித் தளம்தான் பெரும்பாலும் சிக்கல் தரும் உறுப்பு. உடைந்தால் மாற்றப்படுவது அதுதான் என்பதால், மூலக் கண்ணாடியோடு வரும் மேசைக்குத் தனி மதிப்பு உண்டு. மாற்றியிருந்தால் அதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார்களா என்பதே விற்பவரின் நேர்மைக்கு முதல் தேர்வு.

ஐயம் வலுத்தால் கதிரியக்கக் கரிமச் சோதனை ஒன்று கைகொடுக்கும். 1950களின் நடுவில் பெருகிய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கரிமம்-14 ஏறத் தொடங்கி, 1963ஐ ஒட்டி ஏறத்தாழ இரு மடங்காயிற்று. அக்காலத்தில் வளர்ந்த மரங்களின் வளையங்களில் அந்த ஏற்றம் பதிந்திருக்கிறது. எனவே, 1949ஆம் ஆண்டு மேசை என்று சொல்லப்படுவதன் காலில் அந்தத் தடம் தென்பட்டால் விவாதம் அங்கேயே முடிந்துவிடும். தென்படவில்லை என்பதால் மட்டும் மேசை உண்மையானது என்று ஆகிவிடாது. பழைய மரத்தைத் தேடியெடுத்துப் புதிய மேசை செய்வது தச்சருக்குப் பெரிய காரியம் அன்று.

மரவகையைப் பற்றி ஒரு சொல். போர்சானி, இகோ பரிசி போன்றவர்களின் அக்கால எழுதுமேசைகள் பல, பாலிசாந்தர் எனப்படும் கருமரத்தில் செய்யப்பட்டவை. அவற்றுள் பிரேசில் நாட்டு வகை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரத்துக்கு நெருங்கிய உறவு; 1992 முதல் பன்னாட்டு வணிகத்தில் மிகக் கடுமையான தடைக்குட்பட்டது. அத்தகைய மேசை எல்லை தாண்ட வேண்டுமானால், தடைக்கு முன்பே அது செய்யப்பட்டது என்ற சான்றிதழ் வேண்டும். ஓக்கிலும் மேப்பிளிலும் செய்யப்பட்ட மேசைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

உரிமையும் எல்லையும்

கவூர் எழுதுமேசை விலை குறைந்தது என்பதால் அதைப் போலி என்று எண்ணிவிடக் கூடாது. 1980களில் தொடங்கி மொல்லினோவின் வடிவங்களை ஸனோட்டா மறுபடியும் செய்துவருகிறது. கலைமதிப்புடைய தொழில்வடிவங்களுக்கு, படைத்தவர் இறந்து 70 ஆண்டுகள் முடியும்வரை இத்தாலியச் சட்டம் பதிப்புரிமை தருகிறது. மொல்லினோவைப் பொறுத்தவரை 2043ஆம் ஆண்டின் இறுதிவரை. எனவே வடிவத்துக்கான விலையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் கவூரின் விலைச்சீட்டைப் பார்த்தால் போதும். மீதி இலட்சக்கணக்கான டாலர்கள், ஒரு குறிப்பிட்ட பட்டறையில் ஒரு குறிப்பிட்ட அறைக்காக ஒரே முறை செய்யப்பட்டது என்ற உண்மைக்கும், அதைக் காட்டும் தாள்களுக்கும் போகின்றன. பெயரும் மோகமும் அந்தத் தொகையை ஏற்றிவிடுவதும் உண்டு. 2009 பிப்ரவரியில் பாரிஸில் ஐலீன் கிரேயின் டிராகன் நாற்காலி சுமார் 2 கோடியே 19 லட்சம் யூரோவுக்குப் போனபோது, 2005ஆம் ஆண்டு மேசையின் சாதனையெல்லாம் சிறிதாகிவிட்டது. அங்கே நாற்காலியின் முந்தைய உரிமையாளரும் புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளருமான இவ் சான் லோரானின் பெயரும் சேர்ந்தே விலைபோனது.

சட்டத்தின் இன்னொரு முகம் ஏற்றுமதி. பண்பாட்டுப் பொருள்கள் நாட்டைவிட்டு வெளியேறுவதை இத்தாலி கண்டிப்பாகக் கட்டுப்படுத்துகிறது. முன்பு 50 ஆண்டு கடந்த பொருள்களுக்குப் பொருந்திய பொதுவிதி, 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 70 ஆண்டு கடந்தவற்றுக்கு என்று மாறியது. அவற்றின் மதிப்பு 13,500 யூரோவுக்கு மேல் இருந்தால் வெளியே கொண்டுசெல்ல அரசின் சான்றிதழ் தேவை. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் பொதுவாக 100 ஆண்டு கடந்தவற்றையே காக்கிறது. சண்டிகர் அரசு அலுவலகங்களுக்காக 1950களில் செய்யப்பட்ட மேசைகளும் நாற்காலிகளும் பழைய சாமான்களாக ஏலம் போய், ஐரோப்பிய ஏலக் கூடங்களில் பெரும் விலை பெற்ற பிறகுதான் 2011இல் உள்துறை அமைச்சகம் தடை ஆணை பிறப்பித்தது. அந்தச் செய்தியை அறிந்தவர்களுக்கு இத்தாலியச் சட்டத்தின் அருமை புரியும்.

70 ஆண்டு என்ற எல்லையை 1949ஆம் ஆண்டு மேசைகள் 2019இல் கடந்தன. 1950இலேயே அமெரிக்கா போய்விட்ட புரூக்ளின் மேசையை இது தொடவில்லை. டூரின் வீடுகளிலேயே தங்கிவிட்ட மொல்லினோ மேசைகளின் நிலை வேறு. உரிமையாளர் ஏற்றுமதி அலுவலகத்தில் விண்ணப்பித்து மதிப்பை எழுதித் தர வேண்டும். அலுவலகம் சான்றிதழ் தரலாம். பண்பாட்டு முக்கியத்துவம் உடையது என்று அறிவித்து நாட்டுக்குள்ளேயே நிறுத்திவிடலாம். எழுதித் தந்த விலைக்கே அரசுக்காக அதை வாங்கிக்கொள்ளவும் செய்யலாம். நிறுத்தப்பட்ட மேசையை இத்தாலிக்குள் இருக்கும் வாங்குபவர்களிடம் மட்டுமே விற்க முடியும் என்பதால், அதன் விலை நியூயார்க் விலையைவிட வெகுவாகத் தாழ்ந்துவிடும். மதிப்பைக் குறைத்து எழுதினால் அரசே அந்த விலைக்கு எடுத்துக்கொள்ளும் ஆபத்து. உள்ளபடி எழுதினால், இது நாட்டைவிட்டுப் போகக்கூடாத பொருள் என்பதற்கு உரிமையாளரே சான்று எழுதிக் கொடுத்ததாகிவிடும்.